தீவு விமானத்தில் இடமில்லை

விமான நிலையத்தில் கவுண்டருக்கு உள்ளே உட்கார்ந்திருப்பவனுக்கு வேலைகள் நிறைய உண்டு. வெளியே நிற்பவர்களைக் கேட்டால் அவனுக்கு ஒரே வேலைதான், இருக்கிற இடத்தை ஒளித்து வைப்பது.

ரேஷன் கடையில் "சீனி தீந்துபோச்சு" என்று சொல்லிப் பார்த்தவர்களுக்கும், பஸ் ஸ்டாண்டில் "கடைசி பஸ்ஸு போயிருச்சு" என்று சொல்லிப் பார்த்தவர்களுக்கும் நான் எழுதுவது உடனே புரியும். நாம் எல்லோரும் ஒரே கூட்டம். உண்மையைச் சொல்லிவிட்டு, பொய் சொன்னவனைப் போல முழிக்கிற கூட்டம்.

எனக்கு ஊர் அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நடுவில் ஒரு மானாவாரிக் கிராமம். எண்பதுகளின் நடுவில் ஒரு விமானக் கம்பெனியில் வேலை கிடைத்து, வங்கக் கடலில், வெள்ளைக்காரன் காலத்தில் கைதிகளை அடைத்துவைத்த ஒரு தீவுக்குப் போனேன். மெட்ராஸிலிருந்து கப்பலில் போனால் மூன்று நாள், விமானத்தில் இரண்டு மணி நேரம். வாரத்துக்கு இரண்டே விமானம். நிலையம் என்று பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு தகரக் கொட்டகை, ஒரு எடைமேடை, ஒரு கவுண்டர். ஓடுபாதை குட்டை. ஒரு முனையில் குன்று, மறுமுனையில் கடல். காற்று சரியில்லாத நாளில் முழு ஆட்களையும் ஏற்றினால் விமானம் எழும்பாது. அன்றைக்கு டிக்கெட் வைத்திருப்பவர்களிலேயே சிலரை இறக்கிவிட வேண்டும். அந்தப் பெயர்களை வாசிக்கிற வேலை எனக்கு.

தீவில் கடை வைத்திருந்தவர்களிலும் கூலி வேலை பார்த்தவர்களிலும் பாதிப் பேர் நம்ம பக்கத்து ஆட்கள். நரிக்குடி, வீரசோழன், மல்லாங்கிணறு என்று எல்லா ஊர்ப் பேச்சும் அங்கே காதில் விழும். 'நம்மூரு சாமுவேலுதானே உள்ள இருக்கான்' என்று நம்பி வருவார்கள். இடமில்லை என்று சொன்னதும் அந்த நம்பிக்கை நின்ற இடத்திலேயே சந்தேகமாக மாறிவிடும்.

என்ன கேஸு

வேலைக்குச் சேர்ந்த மறுவருஷம் லீவில் வந்தபோது, மல்லாங்கிணற்றில் எனக்குப் பெண் பார்க்கப் போனோம். பெண் வீட்டாரும் எங்களைப் போலக் கிறிஸ்தவர்கள். பெண் எஸ்தர் டீச்சர் டிரெயினிங் முடித்திருந்தாள். ஜெபம் பண்ணி, சேவும் காப்பியும் வந்து, பேச்சு நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. பெண்ணின் தாய்மாமா மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "மாப்பிள்ளைக்கு எங்க வேலைன்னு சொன்னீக?" என்று அப்பாவைக் கேட்டார். அப்பா தீவின் பெயரைச் சொன்னார். மாமா காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

பிறகு என் பக்கம் திரும்பினார். "அங்க பிளேன் வருதோ?" "வருது மாமா." "தெனமும் வருமோ?" "இல்ல, வாரத்துக்கு ரெண்டு." "அப்ப மத்த நாளெல்லாம் உங்கள என்ன செய்யச் சொல்றாக?" யோசித்துப் பார்த்தேன். மற்ற நாட்களில் நாங்கள் செய்ததைச் சொன்னால் வேலை என்று யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அந்த யோசனைதான் எனக்கு எமனாக வந்தது. மாமா எழுந்து அப்பாவின் தோளில் கைபோட்டு வெளியே கூட்டிப் போனார். அங்கே நடந்ததை அப்பா வீடு வந்து சேர்ந்த பிறகுதான் என்னிடம் சொன்னார். அந்த மாமா குரலைத் தாழ்த்திக் கேட்டது இதுதான்: "அண்ணே, பையனப் பாத்தா நல்ல பையனாத்தான் தெரியுது. நமக்குள்ள என்ன ஒளிவுமறைவு. என்ன கேஸு, எத்தன வருசம் போட்டாக?"

அண்ணாச்சியின் எடைக்கல்

சங்கரலிங்க அண்ணாச்சி தீவுக் கடைத்தெருவில் மளிகைக்கடை வைத்திருந்தார். மல்லாங்கிணற்றுக்காரர். யாரையும் நம்பாத மனுஷர். குளிக்கப் போனாலும் கல்லாச் சாவி அவர் இடுப்புக் கயிற்றில்தான் தொங்கும். ஊருக்குப் போகும்போதெல்லாம் அவருடைய மூட்டை அனுமதித்த அளவைத் தாண்டும். நான் கூடுதல் கட்டணம் கேட்பேன். "கடையில எட போட்டுத்தான் கொண்டாந்தேன். அங்க சரியா இருந்த மூட்ட இங்க வந்ததும் எப்படித் தம்பி ஊதும்?" என்பார். என் தராசைத்தான் சொல்கிறார் என்று சுற்றி நிற்பவர்களுக்கும் புரியும்.

ஒரு நாள் மூட்டையோடு ஒரு சாக்குப்பையும் கொண்டு வந்தார். அதற்குள் அவர் கடை எடைக்கற்கள். வரிசையில் நின்றவர்களையெல்லாம் கூப்பிட்டு எடைமேடையைச் சுற்றி நிறுத்தினார். பத்துக் கிலோ கல்லைத் தூக்கி வைத்தார். முள் பத்தைத் தாண்டிப் போய் நின்றது. ஐந்து கிலோ கல்லை வைத்தார். அதுவும் தாண்டியது. "எல்லாரும் பாத்துக்கிருங்க. இத்தன நாளா நம்ம தலையில எப்படி அரைச்சிருக்காகன்னு பாத்துக்கிருங்க" என்றார். கூட்டம் மொத்தமும் என் பக்கம் திரும்பியது.

எங்கள் நிலைய அதிகாரி தாமோதரன் சார் உள்ளிருந்து வந்தார். அவரும் யாரையும் நம்பாத ரகம்தான், என்னையும் சேர்த்து. அலமாரியைத் திறந்து, தராசைச் சரிபார்ப்பதற்கென்று வைத்திருந்த அரசு முத்திரைக் கற்களை எடுத்துவந்து மேடையில் வைத்தார். முள் இம்மி பிசகாமல் நின்றது. அப்படியென்றால் கூடுதலாக இருந்தது அண்ணாச்சியின் கல். அண்ணாச்சி கற்களை அவசரமாகச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தபோது, அவருக்கு வருஷக்கணக்காகக் கொப்பரைத் தேங்காய் விற்கிற அம்மாள் ஒருவர் வரிசையிலிருந்து நிதானமாகக் கேட்டார்: "அண்ணாச்சி, எங்க கொப்பரைய நிறுத்து எடுத்தது இந்தக் கல்லுலதானா?"

பிடிமண்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், தெற்கத்தித் தமிழ் பேசுகிறவன் கையில் ஒரு பொட்டலம் இருந்தாலே குண்டாக இருக்குமோ என்று போலீஸ் நிறுத்தி விசாரித்த காலம். தீவில் வந்து இறங்குகிறவர்களையும் சோதித்தார்கள். அப்படி ஒரு நாள் நரிக்குடிப் பக்கத்துக் கருப்பையாவும் அவர் மனைவியும் வந்து இறங்கினார்கள். கருப்பையா தீவில் கொத்தனார். நெஞ்சோடு அணைத்தபடி ஒரு பித்தளைச் செம்பு வைத்திருந்தார். அதன் வாயில் மஞ்சள் துணி கட்டியிருந்தது. வடக்கத்தி அதிகாரி ஒருவர் துணியை அவிழ்க்கச் சொன்னார். உள்ளே கறுப்பாகத் தூள். மற்றவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, செம்பைக் கீழே வைக்கச் சொன்னார். கருப்பையா வைக்கவில்லை. அதிகாரி மறுபடி சத்தமாகச் சொன்னார். அப்போதும் வைக்கவில்லை. என்னைக் கூட்டிவர ஆள் வந்தது.

எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் விளக்கினேன். இது வெடிமருந்து இல்லை, கரிசல் மண். குலசாமி கோயிலில் ஒரு பிடி மண் எடுத்துவந்து வேறு ஊரில் வைத்து, அங்கே அதே சாமியை நிறுத்துவார்கள். நிறுத்துகிறவரை அந்த மண் தரையைத் தொடக் கூடாது. அதிகாரி கேட்டுக்கொண்டார். "கூலிக்காரர்கள் எல்லோரும் கப்பலில் வருகிறார்கள். மண்ணுக்கு மட்டும் எதற்கு விமானம்?" என்றார். நியாயமான சந்தேகம்தான். கருப்பையாவைக் கேட்டேன். "கடத்தண்ணி மேல கொண்டு போனா சாமி கூட வராதுன்னு பூசாரி சொல்லிட்டாரு. அதான் தண்ணி படாம மேலாப்புல வந்தோம்" என்றார். அதை இந்தியில் திருப்பிச் சொன்னபோது எனக்கே நம்பிக்கை குறைந்துவிட்டது.

கருப்பையாவின் மனைவி அழத் தொடங்கினார். தீவில் பிறந்த இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. சாமி துணைக்கு இல்லாததுதான் காரணம் என்று நம்பி எடுத்துவந்த மண் அது. அதிகாரி ஒரு சிட்டிகை மண்ணைக் காகிதத்தில் எடுத்து மேசை மேல் வைத்தார். எல்லோரையும் இன்னும் பின்னால் போகச் சொல்லி, கையை எவ்வளவு நீட்ட முடியுமோ அவ்வளவு நீட்டி, தீக்குச்சி கிழித்து வைத்தார். காகிதம் எரிந்தது. மண் மண்ணாகவே கிடந்தது. கருப்பையா அவ்வளவு நேரமும் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். வெளியே வந்ததும் மனைவியிடம் சொன்னார்: "நீ எதுக்கு அழுவுற. சாமி வந்து எறங்குன ஒடனே போலீஸே மொத வெளக்கு ஏத்திருச்சு."

வாசல் வரைக்கும்

விமான நிலைய வாசலில் இடியாப்பக் கடை போட்டிருந்த பாத்திமா அக்காவுக்கு ஊர் வீரசோழன். அவர் கணவர் காதர் அண்ணன் ஜவுளிச் சரக்கு எடுக்க மெட்ராஸுக்குப் போனவர், 'அடுத்த பிளேன்ல வாரேன், அடுத்த பிளேன்ல வாரேன்' என்று தள்ளிக்கொண்டே இருந்தார். விமானம் வருகிற நாளெல்லாம் அக்கா கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு கவுண்டருக்கு வந்துவிடுவார். "இடம் கெடைக்கலன்னு சொல்றாரு. நெசமாவே இடம் இல்லையா தம்பி, இல்ல அப்படிச் சொல்லச் சொல்லி ஒங்கிட்டச் சொல்லிவச்சிருக்காரா?" என்பார். மெட்ராஸில் காதர் அண்ணனுக்கு இன்னொரு குடும்பம் இருக்கிறது என்று யாரோ அக்கா காதில் போட்டிருந்தார்கள். நான் என்ன சொன்னாலும் அந்தக் கதைக்குச் சாட்சியாகவே போய்ச் சேர்ந்தது.

ஒரு நாள் மெட்ராஸிலிருந்து வயர்லெஸ்ஸில் வந்த பெயர்களில் காதர் அண்ணனும் இருந்தார். அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னேன். முகம் கழுவி, சேலை மாற்றிக்கொண்டு வந்து நின்றார். அந்த நேரம் பார்த்து மழை இறங்கியது. விமானம் எங்கள் தலைக்கு மேலே வந்தது; சத்தம் கேட்டது; மேகத்துக்குள் ஒரு சுற்று, இன்னொரு சுற்று. ஓடுபாதை தெரியவில்லை என்று அப்படியே மெட்ராஸுக்குத் திரும்பிவிட்டது. அக்காவிடம், "வந்தது உண்மைக்கா, அண்ணன் உள்ளதான் இருந்தாக" என்று இரண்டு முறை சொன்னேன். அவர் மழையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீ சொல்றத நம்புறேன் தம்பி. நிக்காஹ் அன்னைக்கும் இப்படித்தான், வாசல் வரைக்கும் வந்துட்டு மழைன்னு நின்னுட்டாரு" என்றார்.

மாவுக்கட்டு

நோயாளிகளுக்கு முதலில் இடம் கொடுக்க வேண்டும் என்பது விதி. இது தெரிந்த நாளிலிருந்து தீவில் நோயாளிகள் பெருகினார்கள். பண்டிகை நெருக்கத்தில் ஒரு தையல்காரர் வலதுகையில் முழங்கைவரை மாவுக்கட்டோடு வந்தார். முகத்தில் அப்படி ஒரு வேதனை. இடம் கொடுத்தோம், பையைக்கூட நானே தூக்கிப் போனேன். விமானத்தின் கடைசிப் படியில் நின்று திரும்பியவர், வேலிக்கு வெளியே நின்ற மனைவியைப் பார்த்த சந்தோஷத்தில் அந்த வலதுகையைத் தலைக்கு மேலே தூக்கி, மாவுக்கட்டோடு ஆட்டு ஆட்டென்று ஆட்டினார். பெண் பயணிகளைச் சோதிக்கிற கான்ஸ்டபிள் ஸ்டெல்லா என் பக்கத்தில் நின்றிருந்தார். "சார், நம்ம பிளேனுல ஏறுனாலே எலும்பு கூடிருது" என்றார்.

வலிக்கலன்னு சொன்னவன்

தையல்காரருக்குப் பிறகு தாமோதரன் சார் எந்த நோயாளியையும் நம்புவதில்லை என்று முடிவெடுத்தார். அந்தச் சமயத்தில்தான் முருகேசன் வந்தான். சாலை போடுகிற வேலைக்கு வந்திருந்த நரிக்குடிப் பக்கத்து இளவட்டம். கையில் அடுத்த வாரத்து டிக்கெட். "அண்ணே, லேசா வயித்துல பிடிக்குது. ஆஸ்பத்திரியில வாயுன்னு மாத்திர குடுத்தாக. மெட்ராஸ்ல காட்டலாம்னு பாத்தேன். இடம் இருந்தாப் பாருங்க, இல்லாட்டி பரவாயில்ல" என்றான். சிரித்துக்கொண்டே சொன்னான். விமானம் நிறைந்திருந்தது. வரிசையில் ஒருவர், "போனவன் கையில கட்டோட வந்தான். இவன் அதுகூட இல்லாம வந்துட்டான்" என்றார். தாமோதரன் சார் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். முருகேசன் சுவரோரமாகப் போய் உட்கார்ந்தான்.

அன்றைக்கு ஊருக்குப் புறப்பட்டவர்களில் சங்கரலிங்க அண்ணாச்சியும் ஒருவர். மல்லாங்கிணற்றில் தங்கை மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் சீரோடு போய் நிற்காவிட்டால் அந்தக் கல்யாணத்தை ஊர் சும்மா விடாது. அவர் மூட்டை மேல் உட்கார்ந்து முருகேசனையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்துபோய், "ஏலே, ரொம்ப வலிக்குதா?" என்று கேட்டார். "இல்ல அண்ணாச்சி, இப்பத் தேவல" என்றான். சொல்லும்போதே அவன் வலதுகை அடிவயிற்றை விட்டு நகரவில்லை. சட்டை முதுகோடு நனைந்து ஒட்டியிருந்தது. அண்ணாச்சி நேராகக் கவுண்டருக்கு வந்து தன் டிக்கெட்டை வைத்தார். "என் எடத்துல அவன ஏத்துங்க. வலிக்குதுன்னு சொல்றவன நான் நம்ப மாட்டேன் தம்பி. இவன் வலிக்கலங்கிறான், அதான் சந்தேகமா இருக்கு" என்றார். நானும் ஸ்டெல்லாவும் முருகேசனைப் பிடித்து ஏற்றினோம். படியில் ஏறும்போதுதான் அவன் முதன்முதலாக முனகினான். மெட்ராஸில் இறங்கியதும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் உடனே வயிற்றைத் திறந்திருக்கிறார்கள். குடல்வால் சீழ் பிடித்து வெடித்திருந்ததாம். ஒரு நாள் தாமதித்திருந்தால் ஆள் இல்லை என்றார்களாம்.

அண்ணாச்சி ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது கல்யாணம் முடிந்து, மறுவீடும் முடிந்துவிட்டது. தங்கை முகம் கொடுக்கவில்லை. சீர் செய்யப் பயந்துகொண்டு நோயாளிக் கதை கட்டுகிறார் என்று சொந்தத்தில் எல்லோரும் பேசிவிட்டார்கள். கொண்டுபோன சீரை வாங்கவும் மறுத்துவிட்டார்கள். இது கேள்விப்பட்ட முருகேசன், தேறி ஊருக்கு வந்ததும் பஸ் ஏறி மல்லாங்கிணற்றுக்கே போனான். அந்தத் தங்கை வீட்டு வாசலில் நின்று சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டி, நடந்ததை முழுக்கச் சொன்னான். அந்தம்மா அவனை உட்காரவைத்துச் சோறு போட்டார். அடுத்த மாதமே அண்ணனிடம் பேசவும் செய்தார். ஆனால் அன்றைக்கு அவர் முருகேசனிடம் சொன்னதை, அவனே தீவுக்குத் திரும்பி வந்து என்னிடம் சொன்னான்: "வயித்தக் கிழிச்சது நெசந்தான் தம்பி, தெரியுது. எங்கண்ணன் தன் எடத்த எடுத்து இன்னொருத்தனுக்குக் குடுத்தான்னு சொல்ற பாரு, அதத்தான் நம்ப முடியல."

அப்பாவின் இடம்

அந்த மாமாவின் சந்தேகத்தைத் தாண்டி எஸ்தருக்கும் எனக்கும் கல்யாணம் நடந்துவிட்டது என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். எங்கள் மகளைப் பார்க்க அப்பா ஒருமுறை தீவுக்கு வந்தார். பார்த்த எதையும் அவர் நம்பவில்லை. நாலு பக்கமும் தண்ணீர், நினைத்தால் மழை; அப்படியிருந்தும் குடிதண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நிற்கிறார்களே, இதில் ஏதோ சூது இருக்கிறது என்றார். ஐப்பசி பிறந்திருந்தது. புதிதாக வந்து இறங்கிய ஒருவர், திருச்சுழிப் பக்கம் நல்ல மழை என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான், அப்பாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கரிசலில் ஈரம் காய்வதற்குள் விதை விழ வேண்டும். விட்டால் அந்த வருஷம் போனது. அவருடைய டிக்கெட்டை அடுத்த விமானத்துக்கு மாற்றிக் கொடுத்தேன். பெயர் கடைசியில் ஏறியது.

அன்றைக்குக் காற்று திரும்பிவிட்டது. நாலு பேரை இறக்க வேண்டும் என்று விமானி சொல்லிவிட்டார். கடைசியில் டிக்கெட் எடுத்தவர் முதலில் இறங்க வேண்டும் என்பது விதி. நான் வாசித்த முதல் பெயர் அப்பாவுடையது. கொட்டகையில் எல்லோருக்கும் அவர் என் அப்பா என்று தெரியும். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். இனிமேலாவது இந்த ஜனங்கள் என்னை நம்புவார்கள் என்று ஒரு கணம் நினைத்தேன். வரிசைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "பெத்த அப்பனையே எறக்கிவிட்டிருக்கான்னா, அந்த எடத்துக்கு எவன்கிட்ட எம்புட்டு வாங்கியிருப்பான் பாரு."

அடுத்த விமானத்தில் அப்பா போய்விட்டார். அதற்குள் சித்தப்பாவே எங்கள் நிலத்தையும் சேர்த்து உழுது பருத்தி ஊன்றியிருந்தார். அந்த வருஷ வெள்ளாமையும் மோசமில்லை. ஆனால் இறக்கிவிட்ட அன்றைக்கு இதெல்லாம் யாருக்குத் தெரியும். இரவுச் சாப்பாட்டில் ரசத்துக்குச் சோறு எடுக்க எஸ்தர் உள்ளே போனாள். அவள் போகட்டும் என்றுதான் அப்பா காத்திருந்திருக்கிறார். என் பக்கம் சாய்ந்து, மெதுவாகக் கேட்டார்: "சாமுவேலு, நான் என்ன வேத்து ஆளா. எங்கிட்ட மட்டும் சொல்லு, எம்புட்டுக் குடுத்தாக?"

அந்தக் கவுண்டரில் அத்தனை வருஷம் உட்கார்ந்து நான் தெரிந்துகொண்டது இவ்வளவுதான்: மனுஷர்கள் இறக்கை முளைத்த தகரத்தை நம்பி நடுக்கடலுக்கு மேலே ஏறிவிடுவார்கள், அதில் ஏற இடம் எழுதிக் கொடுத்தவனை மட்டும் கடைசிவரை நம்ப மாட்டார்கள்.